ஃபேட் (fad): ஒரு சொல்லா, நான்கு சொல்லா?

திடீரெனப் பலரைப் பிடித்துச் சீக்கிரமே விட்டுப்போகும் ஆர்வத்தை ஆங்கிலத்தில் ஃபேட் என்பார்கள். நம் கலைச்சொல் தரவுத்தளத்தில் அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். வந்த யோசனைகளும் என் பதில்களும் இவை.

> ‘மோகம்’ என்றே போட்டுவிடலாமே. ‘மோகம் முப்பது நாள்’ என்று பழமொழியே இருக்கிறதே.

பழமொழி சரிதான். இன்றைய எழுத்தில்தான் மோகம் முப்பது நாளில் தீர்வதில்லை. ஆங்கில மோகம், தங்க மோகம், வெளிநாட்டு மோகம் எல்லாம் தலைமுறை தாண்டி நிற்பவை. ஃபேட் என்றால் இரண்டு பண்பு கட்டாயம்: பலரை ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டும், பிடித்த வேகத்திலேயே விட வேண்டும். 1958இல் அமெரிக்காவில் ஹூலா வளையம், 1975 கிறிஸ்துமஸுக்கு அங்கே பெட்டியில் வைத்து விற்ற ‘செல்லக் கல்’, 2017இல் நம் பள்ளிக்கூட வாசல்வரை வந்த ஃபிட்ஜெட் ஸ்பின்னர் ஆகியவை நல்ல எடுத்துக்காட்டுகள். மூன்றும் மளமளவென ஏறி அதே வேகத்தில் இறங்கின. ஃபேஷன் அப்படியல்ல, சுற்றி வரும். 1970களின் பெல்பாட்டம் 1990களில் திரும்பி வந்தது. டிரெண்டுக்குப் ‘போக்கு’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

> அலை, காய்ச்சல், பித்து?

அலை தேர்தலுக்குப் போய்விட்டது, மிச்சத்தைக் கொரோனா எடுத்துக்கொண்டது. ‘கிரிக்கெட் காய்ச்சல்’ செய்தித் தலைப்புக்கு அழகு. உணவுப் பக்கத்தில் ‘உணவுக் காய்ச்சல்’ என்று போட்டால் வாசகர் மருத்துவரைத் தேடுவார். பித்து நல்ல சொல், ஆனால் அதை மேனியாவுக்கு வைத்துக்கொள்வோம். 1637 பிப்ரவரியில் ஹாலந்தில் விலை சரிந்து முடிந்ததே, அது துலிப் பித்து. மவுசு என்று ஒருவர் எழுதியிருந்தார். அது நிகழ்வின் பெயரல்ல, நிகழ்வின் அளவு: மவுசு கூடும், குறையும். வரைபடத்தின் நிமிர்ந்த அச்சில் எழுத அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியாது.

என் பரிந்துரை ‘குறுமோகம்’. குறு என்பது உருவச் சிறுமையைத்தானே சொல்லும் என்று கேட்பவர்கள் குறுவையை நினைத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் நட்டு நான்கு மாதத்துக்குள் அறுக்கும் பயிருக்குக் காவிரிப் படுகை வைத்த பெயர் அது. ‘கணமோகம்’ என்ற மாற்றை ஏற்கத் தயக்கம். கணம் மிகச் சிறிது. போதாக்குறைக்குக் கணம் என்றால் கூட்டம் என்றும் பொருள். புணர்ச்சியிலும் சிக்கலில்லை, குறுமிளகு போலக் குறுமோகம். நடுவில் ஒற்று வேண்டாம்.

பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இச்சொல் பெரும்பாலும் கூட்டத்தைக் குறிக்காது; தனியொருவர் விடாப்பிடியாகக் கொண்ட விசித்திரப் பற்றைக் குறிக்கும். அங்கே குறுமோகம் தவறு, ‘கிறுக்கு’ சரி. ‘அவருக்குக் கடிகாரக் கிறுக்கு’ என்கிறோமே, அது. பிரிட்டிஷ் பேச்சில் சாப்பாட்டில் இது வேண்டாம், அது வேண்டாம் என்கிற பிள்ளையையும் இதே சொல்லின் அடியாக ‘ஃபேடி’ (faddy) என்று சொல்வார்கள். அதற்கு ‘ஒதுக்கித் தின்னும் பழக்கம்’ என்று விரித்து எழுதுவதே நல்லது.

நிதித்துறையில் குறுமோகம் செல்லாது. 1980களின் பங்கு விலை ஆய்வுகளில் ஃபேட் என்ற சொல் வருமிடம் வேறு: விலை, பங்கின் உள்ளார்ந்த மதிப்பை விட்டு விலகி, பிறகு மெல்ல அதை நோக்கித் திரும்புவது. அந்தத் திரும்பலுக்குச் சில ஆண்டுகள்கூட ஆகும் என்கிறபோது ‘குறு’ பொய்யாகிவிடும். அங்கே ‘விலைப்பிறழ்வு’ என்று எழுதலாம். குமிழி (bubble) வேறு, குமிழி உடையும், பிறழ்வு தேய்ந்து மறையும்.

மோசடியையும் இதில் சேர்க்கக் கூடாது. 2012இல் கொங்குப் பகுதியில் சரிந்த ஈமு கோழி விவகாரத்தைக் குறுமோகம் என்று எழுதினால் பாதிதான் சரி. அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கொட்டகை போட்ட ஆர்வம் குறுமோகம். மாதம் இவ்வளவு தருகிறோம் என்று எழுதிக்கொடுத்துப் பணம் வாங்கியதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது.

ஃபேட் டயட் (fad diet) என்கிற உணவுமுறைக்கு ‘மோகப்பத்தியம்’ என்று வைத்திருக்கிறேன். கருத்து தேவை.

*

அன்புள்ள ஐயா,

குறுமோகத்துக்கு என் வாக்கு. மோகப்பத்தியத்துக்கு இல்லை.

பத்தியம் மருந்தோடு சேர்ந்தது. இன்ன மருந்து, இத்தனை நாள், அதுவரை புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது. மருந்து முடிந்தால் மறுபத்தியமும் முடித்துப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப் குடிப்பவருக்கு மருந்தும் இல்லை, நோயும் இல்லை. நல்ல சொல்லை ஏன் கெடுக்க வேண்டும்? ‘திடீர் உணவுமுறை’ என்று இன்னொருவர் சொன்னதும் உதவாது. திடீர் ரவா இட்லி, திடீர் சாம்பார் என்று சமையலறை அந்த அடைமொழியை எப்போதோ எடுத்துக்கொண்டது.

‘குறுமோக உணவுமுறை’ என்றே வைத்துவிட்டு, விளக்கத்தில் ‘போதிய சான்று இல்லாமல், விரைவான பலன் தருவதாகச் சொல்லிப் பரவுவது’ என்று சேருங்கள். இது முக்கியம். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் சொல்லின் எடை ஆயுளில் இல்லை, கண்டனத்தில் இருக்கிறது. மாவுச்சத்தை அறவே குறைத்த முதல் வாரத்தில் எடை இறங்குவது உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு கொழுப்பல்ல. கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் வெளியேறுகிறது. 400 கிராம் கரைந்தால் தராசில் ஒன்றரை கிலோ குறையும். மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பி வரும். ‘மூன்று நாளில் பலன்’ என்ற விளம்பரம் ஓடுவது இந்தக் கணக்கில்தான்.

அதே சமயம் முத்திரை குத்துவதிலும் கவனம் வேண்டும். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு 1921இல் வலிப்பு நோய்க்கான சிகிச்சையாக வந்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் இன்றும் தருகிறார்கள். எனவே பதிவில் உணவின் பெயரை எடுத்துக்காட்டாகப் போடாதீர்கள், பயன்படுத்தும் விதத்தைப் போடுங்கள்.

*

ஏற்றுக்கொண்டேன். மோகப்பத்தியம் நீக்கம்.

ஆள் பெயருக்குக் ‘குறுமோகி’ வருமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். இலக்கணம் இடம் கொடுத்தாலும் காது கொடுக்கவில்லை. ‘குறுமோகத்துக்கு ஆட்பட்டவர்’ நீளம்தான், இருக்கட்டும்.

தரவுத்தளத்தில் இன்னொரு சிக்கல். தேடும்போது எல்லாமே சிறிய எழுத்தாக மாறுவதால் FAD என்று பெரிய எழுத்தில் எழுதும் சுருக்கங்களும் இதே பதிவில் வந்து விழுகின்றன. ஒன்று, ரிபோஃபிளாவினிலிருந்து உடல் ஆக்கும் துணைநொதியான ஃபிளாவின் அடினைன் டைநியூக்ளியோடைடு. மற்றொன்று மீன்வளத் துறையில் வருவது: கடலில் மிதக்கவிட்டோ நங்கூரமிட்டோ வைத்து, அதன் நிழலுக்கும் மறைவுக்கும் மீனைச் சேர்க்கும் சாதனம். பிலிப்பைன்ஸில் மூங்கில் மிதவையும் தொங்கும் தென்னை ஓலையுமாகச் செய்து ‘பயாவ்’ என்பார்கள். தானியங்கி மொழிபெயர்ப்பில் சூரை மீன்பிடிக் கட்டுரை ஒன்று ‘மோகத்தைக் கடலில் இறக்கினர்’ என்று வந்துவிடக் கூடாது. அதற்கு ‘மீன்திரட்டி மிதவை’ என்று தனி எண் கொடுத்து, எழுத்து வடிவத்தைப் பூட்டி வைக்க வேண்டும். முதல் பதிவில் துறைக் குறியீடு மூன்று: சமூகவியல், நிதி, ஊட்டச்சத்து. மேலாண்மைக்குத் தனியாக வேண்டாம். பணியாளர்கள் சிறு குழுவாகக் கூடித் தரத்தைப் பேசும் ‘தரவட்டம்’ (quality circle) 1980களில் பரவியதே, அதற்கும் குறுமோகமே போதும்.