மறு: பாய்ப்படகைக் காற்றினூடே திருப்புவதற்கு என்ன சொல்?

ஐயா, அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

தொண்டிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு பழக்க ஒரு கையேடு எழுதுகிறோம், படகைத் திருப்பும் ‘டாக்’ (tack), ‘ஜைப்’ (gybe) இரண்டுக்கும் தமிழ் சொல்லுங்கள் என்று தேவகோட்டை அண்ணன் கேட்டிருந்தார். வந்த சொற்களை எல்லாம் படித்துவிட்டேன். என் கருத்தைக் கீழே வரிசையில்லாமல் எழுதுகிறேன்.

> கடல் தெரியாத காரைக்குடியில் உட்கார்ந்து கடற்சொல் செய்யலாமா?

நியாயமான கேள்வி. நம் செட்டிநாட்டு ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிப் போனார்கள் என்றாலும் பயணிகளாகத்தான் போனார்கள், பாய் கட்டப் போகவில்லை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைக்கு வேண்டிய சொற்களைப் புழக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். நாமும் அப்படியே செய்வோம். அணியம் (முன்முனை), அமரம் (பின்முனை), சுக்கான், பருமல் (பாய் கட்டும் குறுக்குக்கட்டை), தாமான் எல்லாம் கடற்கரையில் இருக்கும்போது படகின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. தாமான் உருதுவழி வந்தது என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்கு அதைவிடக் கச்சிதமான சொல் எனக்குத் தெரியாது.

> இரண்டிலும் பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்தானே போகிறது? ‘பாய்மாற்றம்’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பாய்ப்படகு காற்று வரும் திசைக்கு நேராகப் போகாது. அந்தத் திசைக்கு இருபுறமும் சுமார் 45 பாகைக்குள் பாய் காற்றைப் பிடிக்காமல் படபடக்கும். ஆகவே, காற்று வரும் பக்கம் போக வேண்டுமென்றால் கோணல் கோணலாகத்தான் ஏற வேண்டும். ஒவ்வொரு கோணலிலும் அணியம் காற்றைக் கடந்து மறுபக்கம் போகிறது. இது டாக். திரும்பும்போது பாயில் பிடிப்பு இருக்காது, படகு ஓடி வந்த வேகத்தில்தான் கடக்க வேண்டும். வேகம் போதாவிட்டால் நடுவிலேயே நின்றுவிடும். வேறு பெரிய ஆபத்து இல்லை.

ஜைப் வேறு. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது திருப்புவது அது. காற்றைக் கடப்பது அமரம். பாய் கடைசிவரை நிறைந்தே இருக்கும், திடீரென்று மறுபக்கம் காற்று ஏறியதும் பாயின் அடியிலுள்ள கட்டை முழு வேகத்தில் படகைக் குறுக்கே துடைத்துக்கொண்டு போகும். பிள்ளைகள் பழகும் ஆப்டிமிஸ்ட், கிளார்க் மில்ஸ் 1947இல் புளோரிடாவில் வரைந்த படகு. நீளம் 2.3 மீட்டர்தான். அதில் அந்தக் கட்டை பட்டால் புடைப்பு வரும். பெரிய படகில் பட்டால் ஆளே கடலில்தான். தாமானை முன்கூட்டியே இழுத்துக் கட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து, திருப்பி, உடனே தளர்த்திவிட வேண்டும். செய்முறை வேறு, ஆபத்து வேறு. ஒரே பெயர் வைத்தால் கையேட்டில் இடம் மிச்சம், அவ்வளவுதான்.

இன்னொன்று: அரபிக்கடலின் பெரிய முக்கோணப் பாய்த் தோணிகளில் பருமலைப் பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுபோவது பெரிய வேலை. அதனால் அவர்கள் அணியத்தைக் காற்றுக்குக் கொடுக்காமல், அமரத்தைக் கொடுத்தே சுற்றி வருவார்கள். நம் கரையில் பாய் விரித்த பெரியவர்களிடம் ஒரே சொல்தான் கிடைத்தால் அது ஏன் என்று முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள், அண்ணே.

> அப்படியானால் ‘அணியத் திருப்பம்’, ‘அமரத் திருப்பம்’?

விளக்கத்துக்கு அருமை. ஆனால் இவை ஏவல் சொற்கள். காற்று இரைச்சலில் ஓர் ஆள் கத்த, இன்னோர் ஆள் அந்த நொடியே குனிய வேண்டும். நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் ஒற்றையாள் படகு, அங்கே யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். அதே ஒலிம்பிக்கில் கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய ஃபார்ட்டிநைனர் இரண்டு பேர் படகு, அங்கே வாய்ச்சொல் வேண்டும். ‘அணி…’, ‘அம…’ என்று இரண்டும் ஒரே மாதிரி தொடங்கினால் காற்றில் ‘அ’ மட்டும்தான் காதில் விழும்.

என் பரிந்துரை: டாக் – எதிர்வெட்டு. ஜைப் – பாய்புரட்டு. படகில் கத்தும்போது ‘வெட்டு!’, ‘புரட்டு!’ போதும்.

‘வண்டியை வலதுபக்கம் வெட்டு’ என்று ஓட்டுநரிடம் சொல்லாத ஆள் நம் ஊரில் உண்டா? அதே வெட்டுதான். ‘முகவெட்டு’ என்று முதலில் எழுதியிருந்த தங்கச்சிக்கு: அது மாப்பிள்ளை பார்க்கிற சொல்லாகிவிட்டது, விட்டுவிடுவோம். ‘புரட்டு’ என்றால் பித்தலாட்டமாயிற்றே என்று கண்டனூர் ஐயா கேட்பார் என்று தெரியும். கறியைப் புரட்டுகிற ஆச்சி யாரையும் ஏமாற்றவில்லை, ஐயா. கீழ்க்கட்டைக்குப் புத்தகத்தில் ‘கீழ்ப்பருமல்’ என்றே எழுதலாம்.

அப்புறம், ‘டாக்’ என்பதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது: காற்றை எந்தப் பக்கம் வாங்கிக்கொண்டு ஓடுகிறோம் என்பது. அதற்கு எதிர்வெட்டு சரிப்படாது. ‘வலக்காற்று ஓட்டம்’, ‘இடக்காற்று ஓட்டம்’ என்று வைத்தால் விதியே வாயில் வந்துவிடுகிறது: இடக்காற்றுப் படகு வலக்காற்றுப் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கக் காற்று என்றால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும்.

அந்தப் பக்கத்துக்கு ‘காற்றுமேல்’ என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்றிவிடுங்கள். தமிழில் மேல் என்றால் மேற்கும்கூட. மேல்காற்று அடிக்கிற நாளில் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். அதற்குக் ‘காற்றுமுகப்பு’, எதிர்ப்பக்கத்துக்குக் ‘காற்றுமறைவு’ என்று வைக்கலாம். மழை மறைவுப் பகுதி என்று பள்ளியில் படித்ததால் இரண்டாவது சொல் தானாகப் புரியும். முகப்பை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எதிர்வெட்டு நடுவில் நின்றுபோன படகுக்கு ‘இரும்பில் மாட்டுதல்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘in irons’ என்ற ஆங்கிலத்தை அப்படியே இறக்கியது, வேண்டாம். ‘படகு முட்டி நிற்கிறது’ என்றால் கேட்கிறவனுக்கு உடனே புரியும். அதிலிருந்து மீள, கீழ்ப்பருமலையும் சுக்கான் பிடியையும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். படகு பின்னால் நகர்ந்தபடியே திரும்பி, காற்றைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தள்ளலுக்குத் தனிச்சொல் தேவையா, ‘தள்ளு’ என்றே விட்டுவிடலாமா என்று ஐயா சொல்லட்டும்.