நேர்முகப் பரீட்சையில் அனுபவத்தை நான்கு படிகளாகச் சொல்லுதல்: நம் பிள்ளைகளுக்குத் துணையா, தடையா?

படுவான்கரைப் பட்டதாரி:

அனைவருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் பட்டம் முடித்திருக்கிறேன். ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்துள்ளது. அனுபவத்திலிருந்து உதாரணங்களுடன் பதிலளிக்கத் தயாராக வருமாறு கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். தொழில் வழிகாட்டல் வகுப்பில் 'ஸ்டார்' என்ற முறையைச் சொல்லித் தந்தார்கள்: முதலில் சூழ்நிலை, அடுத்து என் பொறுப்பு, பிறகு நான் செய்தது, கடைசியாக விளைவு. சம்பளத்துக்கு வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. வெள்ளக் காலத்தில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துடன் நின்று வேலை செய்ததைச் சொல்லலாமா? வீட்டில் அண்ணா, பாடமாக்கிக்கொண்டு போனால் பிடித்துவிடுவார்கள், மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு வா என்கிறார்.

மட்டுநகர் இணைப்பாளர்:

தங்கைக்கு, தாராளமாகச் சொல்லலாம். தொண்டு நிறுவனமொன்றில் திட்ட இணைப்பாளராக இருப்பதால் ஆட்சேர்ப்புக் குழுக்களில் அடிக்கடி அமர்கிறேன். நீங்கள் சம்பளம் பெற்றீர்களா என்பதல்ல, ஒரு பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்பதே எங்களுக்குத் தேவை.

உங்கள் அண்ணாவின் ஆலோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மனதில் பட்டதைச் சொல்ல வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் கடுமையாக உழைப்பேன், குழுவாக இயங்குவேன், எந்தச் சவாலையும் எதிர்கொள்வேன் என்றுதான் சொல்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை இதே வாக்கியங்களைக் கேட்கிற குழுவுக்கு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிய எதுவும் கிடைப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் யாருடைய மகன், எந்தப் பாடசாலை, யார் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள் என்பவை உள்ளே நுழைகின்றன. சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொல்வதைவிடப் பெரிய பலம் வேறில்லை.

இந்த அணுகுமுறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜோன் ஃபிளனகன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க விமானப் படையினரிடம் நல்ல விமானி எப்படி இருக்க வேண்டும் என்ற அபிப்பிராயத்தைக் கேட்பதோடு நிற்காமல், உண்மையில் நடந்த சம்பவங்களை விவரிக்கச் சொல்லித் திரட்டினார்கள். அதை அவர் 1954 இல் ஓர் ஆய்வு முறையாகவே எழுதினார். 1982 இல் டொம் ஜான்ஸ், கடந்தகால நடத்தையைக் கேட்கும் நேர்முகத்தை வழமையான உரையாடலுடன் ஒப்பிட்டு, முன்னதே வேலைத் திறமையை நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது என்று கண்டார். 2022 இல் போல் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளை மீளக் கணித்தபோது, நேர்முகப் புள்ளிக்கும் பின்னாளைய வேலைத் திறமைக்கும் இடையிலான தொடர்பு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் புள்ளியிடும் கட்டமைக்கப்பட்ட நேர்முகத்தில் 0.42 ஆகவும் கட்டமைப்பற்றதில் 0.19 ஆகவும் வந்தது. இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம் இது.

கல்முனை ஓய்வுநிலை அதிபர்:

இணைப்பாளர் தம்பி சொன்ன ஆய்வுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை எதை நிறுவுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, முன்பே வகுத்த அளவுகோலின்படி புள்ளியிடுவது, உறுப்பினர்கள் தனித்தனியே மதிப்பிடுவது ஆகியவை குழுவின் ஒழுங்கு. அந்த ஒழுங்கின் பலனைத்தான் 0.42 என்ற எண் காட்டுகிறது. பதில் சொல்கிற பிள்ளை நான்கு படிகளில் ஒப்புவித்தால் தகுதியானவர் தெரிவாவார் என்று அந்த எண் எங்கே சொல்கிறது? கட்டமைப்பைக் கடைப்பிடிக்க வேண்டியவர் கேள்வி கேட்பவர். அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளுக்கு மாற்றிவிட்டோம்.

விளைவையும் கண்ணால் பார்க்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு நேர்முகப் பயிற்சி கொடுக்கிற இடங்களில் கதைகள் தயாராகவே கிடைக்கின்றன. குழுவில் இருவருக்கு முரண்பாடு, நான் இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசினேன், வேலை உரிய காலத்துக்கு முன்பே முடிந்தது. இந்தக் கதையைப் பெயரை மட்டும் மாற்றிப் பல பிள்ளைகள் சொல்கிறார்கள். நகரத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் சரளமாகப் பேசி, பயிற்சிக்குக் காசு கட்டக்கூடியவர் இதில் முன்னுக்கு வருகிறார். மண்டூரிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ வருகிற பிள்ளை, தான் தனியாகச் செய்ததைக்கூட 'நாங்கள் செய்தோம்' என்றுதான் சொல்லும், ஏனெனில் பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றியே பேசுவது மரியாதைக் குறைவு என்று அது வளர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பண்பு குறையாக எண்ணப்படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மட்டுநகர் இணைப்பாளர்:

அதிபர் ஐயா, கட்டமைப்பு குழுவின் கடமை என்பதில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் குழு ஒழுங்காக இருக்கும்போதும் பிள்ளைக்கு இந்தப் படிகள் ஏன் தேவை என்பதற்குப் புள்ளித்தாளைப் பார்க்க வேண்டும். அதில் 'பிரச்சினையை இனங்கண்டார்', 'தானே நடவடிக்கை எடுத்தார்', 'விளைவை உறுதிப்படுத்தினார்' என்று கூறுகள் இருக்கும். ஒரு பிள்ளை வெள்ளத்தின் கொடுமையை மட்டும் ஐந்து நிமிடம் உருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினால், கேட்பவர் மனம் இளகினாலும் புள்ளியிட இடமில்லை. பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்: சூழ்நிலை நீண்டுபோகிறது, செயல் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

நான் இருந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். தொழில் அனுபவம் எதுவுமில்லாத ஒரு பெண் பிள்ளை வந்திருந்தார். நவகிரிக் குளத்து நீர் திறந்துவிடப்பட்டு வீதிகள் மூழ்கியிருந்த நாட்களில், பாடசாலையில் தங்கியிருந்தவர்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுக்க வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பெயர்ப் பட்டியல், சங்கத்திடம் வேறொரு பட்டியல், இரண்டும் பொருந்தவில்லை. சங்கத் தலைவர் இவரிடம் பட்டியலைச் சரிசெய்யச் சொல்லியிருக்கிறார். இரவோடிரவாக அடையாள அட்டை இலக்கங்களை ஒப்பிட்டதில், ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்களாக வாழ்வோர் ஒரு பட்டியலில் ஒன்றாகவும் மற்றதில் இரண்டாகவும் பதியப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த வீடுகளை மட்டும் தனித்தாளில் எழுதி, காலையில் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, அவருடைய கையொப்பத்துடன் பொதிகளைக் கொடுத்திருக்கிறார்கள். "பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று நாங்கள் கேட்டோம். "பொதி கிடைக்கவில்லை என்று பிரதேச செயலகத்துக்கு ஒரு முறைப்பாடும் போகவில்லை, சேர்" என்றார். சதவீதமும் இல்லை, அலங்காரமும் இல்லை. அவரும் 'நாங்கள்' என்றுதான் தொடங்கினார், "இதில் உங்கள் கை எது?" என்று கேட்டவுடன் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். பணிவு அவருக்குத் தடையாக இருக்கவில்லை.

பயிற்சி வகுப்புக் கதையை உடைப்பதும் இதே துணைக் கேள்விகள்தான். அந்த இருவரில் முதலில் யாரிடம் பேசினீர்கள், ஏன் அவரிடம், அவர் மறுத்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், அனுபவித்தவருக்கு நினைவு ஊறும். பாடமாக்கியவருக்கு வார்த்தை தட்டுப்படும்.

அம்பாறைக் கச்சேரி உத்தியோகத்தர்:

ஒரு விளக்கம் மட்டும். இந்த விவாதம் தனியார் நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அரச பதவிகளுக்கு அப்படியே பொருந்தாது. வர்த்தமானியில் பொது நேர்முகப் பரீட்சை என்றிருந்தால் அங்கே புள்ளியே வழங்கப்படுவதில்லை, தகைமைகளையும் சான்றிதழ்களையும் சரிபார்ப்பதே நோக்கம். கட்டமைக்கப்பட்ட நேர்முகம் என்றிருந்தால் எதற்கு எத்தனை புள்ளி என்ற திட்டம் அறிவித்தலிலேயே பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகள் அறிவித்தலை முழுமையாக வாசித்துவிட்டுத் தயாராக வேண்டும்.

திருக்கோவில் உளவளத்துணையாளர்:

இங்கே யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 'நீங்கள் எதிர்கொண்ட மிகக் கடினமான சூழ்நிலை எது?' என்ற கேள்வி வேறு ஊர்களில் சாதாரணக் கேள்வியாக இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் அது சாதாரணமானதல்ல. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது சிறு குழந்தைகளாக இருந்தவர்கள்தான் இன்று வேலை தேடுகிறார்கள். போரில் தகப்பனை இழந்தவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு உண்மையிலேயே கடினமான சூழ்நிலை அதுதான். முன்பின் தெரியாத மூவருக்கு முன்னால் அதைத் திறந்து, பிறகு 'அதன் விளைவு என்ன?' என்ற நான்காம் படிக்கு வரும்படி கேட்கப்படுவது அந்தப் பிள்ளையை எந்த நிலையில் வீட்டுக்கு அனுப்பும் என்பதைக் குழுவினர் சிந்திக்கிறார்களா? நான்கு படிகளையும் கற்பிப்பவர்கள், எந்தக் கதையைச் சொல்லாமல் விடலாம் என்பதையும் கற்பிக்க வேண்டும். துயரத்தைப் புள்ளிக்காக ஒப்படைக்க எந்தப் பிள்ளைக்கும் கடமையில்லை.

மட்டுநகர் இணைப்பாளர்:

அம்மா, இந்தக் கேள்வியைத் திருத்த வேண்டியவர்கள் குழுவினரே. 'வேலையிலோ, படிப்பிலோ, பொதுப்பணியிலோ எதிர்கொண்ட ஒரு சிக்கல்' என்று எல்லையிட்டுக் கேட்டால் போதுமானது. 'மிகக் கடினமான' என்ற சொற்களே தேவையில்லை. அனுபவம் குறைந்தவர்களுக்கு, இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் முறையும் இருக்கிறது. கேரி லேதமும் சக ஆய்வாளர்களும் 1980 இலேயே அதை முன்வைத்தார்கள். எங்கள் குழுவில் இரண்டு வகையையும் கலந்தே கேட்கிறோம்.

படுவான்கரைப் பட்டதாரி:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இன்னும் ஒரு சந்தேகம். நான் சொல்ல நினைத்த சம்பவத்தில் விளைவு முழுவதும் நன்றாக அமையவில்லை. சிறுவர்களுக்கான பால்மா பிந்தித்தான் வந்தது. அதை விட்டுவிட்டுச் சொல்லவா?

மட்டுநகர் இணைப்பாளர்:

விட வேண்டாம், தங்கை. பால்மா ஏன் பிந்தியது, அது தெரிந்தவுடன் தாய்மாரிடம் என்ன சொன்னீர்கள், அடுத்த விநியோகத்தில் எதை மாற்றினீர்கள் என்பவற்றைச் சொல்லுங்கள். களத்தில் எல்லாம் சரியாக நடந்ததாகச் சொல்பவரைவிட இதைச் சொல்பவரை நாங்கள் நம்புகிறோம். சூழ்நிலைக்கு நான்கைந்து வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். முழுப் பதிலும் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் அமையட்டும். உதவி பெற்ற குடும்பங்களின் பெயர்களைச் சொல்லாதீர்கள். வசனங்களைப் பாடமாக்க வேண்டாம். நடந்த வரிசையை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அண்ணாவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். புரியாத இடத்தில் அவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும்.

கல்முனை ஓய்வுநிலை அதிபர்:

மகள், தம்பி சொன்னபடியே செய்யுங்கள், அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் தம்பி, துணைக் கேள்வி கேட்கத் தெரிந்த உங்கள் குழுவைப் போல எல்லாக் குழுக்களும் இல்லை. தாளில் உள்ள கேள்வியை வாசித்துவிட்டு, பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவுகிற குழுக்களே அதிகம். அங்கே பாடமாக்கியவர்தான் வெல்வார். ஆகவே துணைக் கேள்விகளையும் முன்கூட்டியே எழுதிவைத்து எல்லோரிடமும் கேட்க வேண்டும். படுவான்கரைத் தாய்மாரிடம் தமிழில் பேசிச் செய்யப்போகிற வேலைக்கு, பிள்ளை தன் அனுபவத்தைத் தமிழிலேயே சொல்ல அனுமதிக்க வேண்டும். அறிக்கை எழுத ஆங்கிலம் தேவையென்றால் அதை எழுத்துப் பரீட்சையில் தனியாகச் சோதிக்கலாம். இந்த இரண்டும் நடக்காதவரை என் எதிர்ப்பு அப்படியே இருக்கும்.

மட்டுநகர் இணைப்பாளர்:

முதலாவதை நாங்கள் ஏற்கெனவே செய்துவருகிறோம், ஐயா. இரண்டாவதை அடுத்த ஆட்சேர்ப்புக்கு முன்னர் எங்கள் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்கிறேன்.