புதுப்பிப்பு: ஹெர்2 ‘2+’ ரிப்போர்ட், ஃபிஷ் முடிவு வந்துவிட்டது

மார்பகப் புற்றுநோய் பயாப்சியில் ஹெர்2 (புற்றுநோய் செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) ‘2+’ என்று வந்தது பாசிட்டிவா, நெகட்டிவா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

‘இரண்டும் இல்லை, ஃபிஷ் டெஸ்ட்தான் முடிவு சொல்லும்’ என்ற யோசனையே சரி. செல்லில் ஹெர்2 மரபணுவின் பிரதிகளை எண்ணும் சோதனைதான் ஃபிஷ். மறுபடி பயாப்சி எடுக்கவில்லை. பழைய பயாப்சி திசுவை மெழுகில் பதித்து லேபில் வைத்திருந்த பாராஃபின் பிளாக்கே போதுமாக இருந்தது. சாயம் ஏற்றிய பழைய ஸ்லைடை வாங்கிக்கொண்டு போய் அலையாதீர்கள், பிளாக்கையே கேளுங்கள். திசு ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவம்) 6 முதல் 72 மணி நேரம் இருந்திருக்க வேண்டும்; கூடினாலும் குறைந்தாலும் முடிவு தவறாக வரலாம்.

ஹெர்2 மரபணுவுக்கும் 17-ம் குரோமோசோமின் அடையாளப் புள்ளிக்கும் உள்ள விகிதம் 3.1 (பாசிட்டிவுக்கு 2-ம் அதற்கு மேலும் வேண்டும்), செல்லுக்குச் சராசரி ஹெர்2 பிரதிகள் 6.8 (4-ம் அதற்கு மேலும் வேண்டும்). ஆக, பாசிட்டிவ்.

எதிர்பாராதது ஒன்று: ஹெர்2 பாசிட்டிவுக்குத் தரும் டிராஸ்டுசுமாப் மருந்தைத் தொடங்குமுன் எக்கோ (இதய ஸ்கேன்) கட்டாயம். அந்த மருந்து இதயத்தின் பம்ப் திறனைக் குறைக்கலாம் என்பதால், 3 மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் எடுக்க வேண்டும்.