200 லீற்றர் பையில் கேஎல்ஏ கிட்டத்தட்ட மூன்று மடங்கு வருகிறது, எங்கே பார்ப்பது?

வெள்ளவத்தையான்:
வணக்கம். கொழும்பில் இறுதியாண்டு ப்ரொஜெக்ட். பிறபொருளெதிரி மருந்துக்குக் கலம் வளர்க்கும், ஒருமுறை பாவித்து எறியும் 200 லீற்றர் பயோரியாக்டர் பையை ஓப்பன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில் போட்டிருக்கிறேன். கலக்கி விட்டம் 20 செ.மீ., நிமிடத்துக்கு 100 சுற்று, காற்று நிமிடத்துக்கு 10 லீற்றர், குமிழி 3 மி.மீ. என்று நிலையாக வைத்தேன். குமிழியிலிருந்து திரவத்துக்கு ஒட்சிசன் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று காட்டும் ஒட்சிசன் கடத்தல் கெழு கேஎல்ஏ மணிக்கு 16 வருகிறது. சேர் தந்த வெளிநாட்டு அளவீட்டில் 6 தான். மெஷ்ஷை (கணிப்புக்கான கட்ட வலையை) நெருக்கியும் அசையவில்லை. லப்டொப் இரவு முழுக்க இரைவதில் அம்மாவுக்குத்தான் நித்திரை இல்லை.

குமிழிக்காரன்:
தம்பி, கேஎல் (கேஎல்ஏ-யில் குமிழிப் பரப்பான 'ஏ' போக மிச்சப் பகுதி) கணக்கிட எந்தச் சமன்பாடு? ஹிக்பியின் ஊடுருவல் கொள்கை வழியில் வரும் 1.13 என்ற குணகமா?

வெள்ளவத்தையான்:
ஓம் அண்ணா, 1.13 தான். ஒரு கட்டுரையில் இருந்ததை அப்படியே எடுத்தேன்.

குமிழிக்காரன்:
அப்போ அதுதான். லாமொன்ட், ஸ்கொட் 1970-இல் தந்த வடிவத்தில் குணகம் 0.4. மற்றதெல்லாம் அதேதான்: பரவல் குணகத்தின் வர்க்கமூலம், எப்சிலனை (கொந்தளிப்பில் சக்தி கரையும் வீதத்தை) பாகுமையால் வகுத்து அதன் நாலாம் மூலம். உங்கள் 16-ஐ 0.4/1.13-ஆல் பெருக்கிப் பாருங்கள், 5.7.

வெள்ளவத்தையான்:
அட, பொருந்துகிறதே! அப்போ ரிப்போர்ட் எழுதலாமா?

நுரைஅக்கா:
பொறுங்கோ தம்பி. ஒரு இலக்கம் பொருந்தினதை வைத்து எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். முதலில் கலக்கியின் முறுக்குத்திறனைக் கோண வேகத்தால் பெருக்கி வலுவை எடுங்கள். பிறகு எப்சிலனைப் பை முழுக்கக் கூட்டி, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். கே-எப்சிலன் என்ற கொந்தளிப்பு மொடல் இந்த எப்சிலனை வழக்கமாகக் குறைத்துக் காட்டும். ஆனாலும் நாலாம் மூலம் என்பதால் எப்சிலன் பாதியானாலும் கேஎல் 16 வீதம்தான் குறையும்.

என் சந்தேகம் அந்த 3 மி.மீ. மேல்தான். குமிழி சிறுத்தால் பரப்புக் கூடுகிறது, மெதுவாக ஏறுவதால் உள்ளே நிற்கும் வாயுவும் கூடுகிறது. இரண்டு பக்கத்தாலும் கேஎல்ஏ ஏறும். அளந்த திரவத்தில் பொலொக்சமர் (கலங்களைக் குமிழியிலிருந்து காக்கச் சேர்க்கும் பொருள்) இருந்ததா? நுரையடக்கி இருந்ததா? நுரையடக்கி குமிழிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கேஎல்ஏ-யை இறக்கிவிடும். நைதரசன் ஊதி ஒட்சிசனை விரட்டி அளந்திருந்தால், பையின் மேல்வெளியில் (திரவத்துக்கு மேலே உள்ள வாயு இடத்தில்) நைதரசன் தங்கியதா என்றும் கேளுங்கள்.

வெள்ளவத்தையான்:
பொலொக்சமர் இருந்ததாம் அக்கா, நுரையடக்கி இல்லை. மேல்வெளி பற்றிக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். அதே பையில் 60 சுற்று, 140 சுற்று அளவீடும் இருக்கிறது.

நுரைஅக்கா:
அப்போ குணகத்தையும் குமிழியையும் தொடாமல் அந்த இரண்டையும் ஓட்டுங்கள். 140-இல் மட்டும் விலகினால் குமிழி உடைவதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், குமிழிகள் உடைவதையும் சேர்வதையும் கணக்கெடுக்கும் குமிழித்தொகைச் சமநிலை மொடல் போட வேண்டிவரும். அதை லப்டொப்பில் ஓட்டாதீர்கள், கம்பஸ் சேர்வரில் இடம் கேளுங்கள். அம்மாவும் கொஞ்சம் தூங்கட்டும்.