எண்ணெயும் சூபாபுல்லும் கொடுத்தேன், பால் குறைந்துவிட்டது. தவறு எங்கே?

மூணுமாட்டுக்காரன்:
வணக்கம். என்னிடம் கலப்பினக் கறவை மூன்று, ஒவ்வொன்றும் 400 கிலோ இருக்கும். தின்னும் தீவனத்தின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் ஏப்பத்தில் மீத்தேனாகப் போய்விடுகிறது என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கடையில் பொடி வாங்காமல், கைக்குக் கிடைக்கும் தீவனத்தை வைத்தே குறைத்துப் பார்க்கலாம் என்று ஒரு மாதமாக மாட்டுக்கு ஒரு நாளைக்கு இப்படிக் கொடுக்கிறேன்: வைக்கோல் 5 கிலோ, சூபாபுல் (சவுண்டல் மரம்) பச்சைத் தழை 12 கிலோ, பருத்திக் கொட்டை ஒன்றரை கிலோ, கோதுமைத் தவிடு 2 கிலோ, தவிட்டில் பிசைந்து சமையல் எண்ணெய் 400 மில்லி.

11 லிட்டர் கறந்த மாடு 9-க்கு வந்துவிட்டது. பாலில் கொழுப்பு 4.2-லிருந்து 3.5. சாணத்தில் வைக்கோல் துணுக்கு அப்படியே கிடக்கிறது. ஒரு மாட்டுக்கு எச்சில் வடிகிறது, வால் முடி கொத்தாக வருகிறது. தழையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் காரணமா?

கொட்டகைவாசி:
முன்னாடி என்ன கொடுத்தீங்க? அதைச் சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மூணுமாட்டுக்காரன்:
மன்னிக்கணும் அண்ணே. எண்ணெய் கிடையாது, சூபாபுல் 4 கிலோதான், வைக்கோல் கூடுதல். கொட்டையும் தவிடும் இதே அளவு.

தீவனக்கணக்கு:
அப்படியென்றால் முதல் குற்றவாளி எண்ணெய். 400 மில்லி என்பது ஏறக்குறைய 365 கிராம் கொழுப்பு. பருத்திக் கொட்டையிலேயே ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக எண்ணெய் இருக்கிறது, அதை நீங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. தழை, தவிடு, வைக்கோலில் இருப்பதையும் கூட்டினால் உலர்பொருளில் (ஈரம் போக மிஞ்சும் தீவனத்தில்) கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி வருகிறது. 6 சதவீதம் தாண்டினாலே வம்பு. எண்ணெய் நார் மேல் படலமாகப் படிந்துவிடும், நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளுக்கும் அது ஆகாது. சாணத்தில் வைக்கோல் தெரிவது அதனால்தான். பாலில் கொழுப்பு இறங்கியதும் அதே கதை.

எண்ணெய் மீத்தேனைக் குறைப்பது உண்மைதான். உங்கள் மாட்டிலும் குறைந்திருக்கும். ஆனால் செரிமானமே படுத்ததால் குறைந்தது உங்களுக்கு லாபமா என்ன? எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். பருத்திக் கொட்டையில் இருப்பதே போதும்.

ஏப்பம்:
மாட்டுக்குத் தாளிச்சுக் கொடுத்த முதல் ஆள் நீங்கதான் 😄

ஆட்டுக்காரம்மா:
சிரிக்கிற விஷயமில்ல தம்பி, அந்த வால் முடியைப் பாருங்க. அது டானின் வேலை இல்ல, மிமோசின். சூபாபுல் தழையில இருக்கிற நஞ்சு. முடி உதிர்வு, எச்சில், அப்புறம் தைராய்டு வீக்கம் வரைக்கும் போகும். மொத்த உலர்தீவனத்துல 30 சதவீதத்துக்கு மேல தழை போகக் கூடாதும்பாங்க. 12 கிலோ பச்சைத் தழை காய்ஞ்சா மூணரை கிலோ, நீங்க அந்தக் கோட்டைத் தாண்டிட்டீங்க. பாதியாக்குங்க. கழுத்துல வீக்கம் இருக்கான்னு கால்நடை மருத்துவர்கிட்ட காட்டிடுங்க.

ஹவாய்த் தீவுல ஆடுகள் இதையே தின்னும் நல்லா இருந்துச்சு. ரேமண்ட் ஜோன்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் காரணத்தைத் தேடிப் போய், அதுங்க வயித்துல இந்த நஞ்சை முறிக்கிற பாக்டீரியா இருக்குன்னு கண்டுபிடிச்சார். 1980-கள்ல அதை ஆஸ்திரேலிய மாடுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. உங்க மாட்டு வயித்துல அது இருக்கோ இல்லையோ, அதை நம்பித் தழையைக் கொட்டாதீங்க.

மூணுமாட்டுக்காரன்:
எண்ணெயையும் எடுத்து, தழையையும் குறைத்தால் மீத்தேன் பழையபடி ஏறிவிடாதா?

தீவனக்கணக்கு:
ஒரு நாளைக்கு ஒரு மாடு விடுவதைப் பார்த்தால் கொஞ்சம் ஏறலாம். லிட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். உயிர் பிழைக்கத் தின்னும் தீவனத்துக்கும் மாடு வாயு விடுகிறது. 9 லிட்டர் கறந்தாலும் 11 கறந்தாலும் அந்தப் பங்கு ஒன்றேதான், பால் கூடினால் லிட்டருக்கு விழுவது குறையும்.

அடித்தளமே சத்தில்லாத வைக்கோல். அதைத் திருத்தாமல் மேலே எதைத் தூவினாலும் பலனில்லை. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். நார் இளகும், தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறும். சூபாபுல் 6 கிலோ இருக்கட்டும். அதில் இருக்கும் டானின் அளவோடு உள்ளே போகும்வரை நல்லதே செய்யும். யூரியாவை நேரடியாகத் தீவனத்தில் கலந்துவிடாதீர்கள், மாடு செத்துப்போகும்.

மூணுமாட்டுக்காரன் (24 நாள் கழித்து):
பால் பத்தரை. கொழுப்பு 4.1. சாணம் பழையபடி ஆகிவிட்டது. கழுத்தில் வீக்கம் இல்லை என்றார் மருத்துவர். வால் முடி இன்னும் முளைக்கவில்லை, எச்சில் நின்றுவிட்டது. இன்று வைக்கோல் மூட்டத்தைப் பிரித்தேன், கண் எரிகிறது. கெட்டுப்போய்விட்டதா?

ஆட்டுக்காரம்மா:
கெடல, அது அம்மோனியா. அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, நெடி போகிற வரைக்கும் சில மணி நேரம் பரப்பி ஆறவிட்டுப் போடுங்க. முதல் வாரம் பழைய வைக்கோலோட கலந்து. ஆறு மாசத்துக்குள்ள இருக்கிற கன்னுக்குப் போடவே போடாதீங்க.