குடல் பாக்டீரியா பற்றிப் பேச உதவி தேவை

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில், தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த அம்மாக்களுக்குக் குடல் நலம் பற்றிப் பேசப் போகிறேன். பலருக்கும் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது.

நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்பதை, எலிகளில் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படித்ததும் மனசு கேட்கவில்லை.

பெரியவர்களுக்கு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் (2023). காலையில் ரொட்டி சானாய் (மைதா பரோட்டா), மத்தியானம் வெள்ளைச் சோறும் கோழிக்குழம்பும் என்றால் அது எங்கிருந்து வரும்? கொண்டைக்கடலை வயிற்றை உப்ப வைக்கிறது என்று தட்டோரம் ஒதுக்குகிற அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னால் போதுமா?

உணவியல் நிபுணர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், ஆனால் இனிப்புநீர்க்காரர்களுக்குப் பழைய சோறு எவ்வளவு வரை சரி? சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பருப்பு, கீரையில் என்ன கவனம் வேண்டும்? அப்புறம், வல்லாரை, உலாம் ராஜா (பச்சையாகத் தின்னும் ஒரு கீரை), பச்சைப் பயறு வைத்து வீட்டில் சமைப்பவர்கள் செய்முறையைக் குரல் பதிவாக அனுப்பினாலும் போதும். மண்டபத்திலேயே போட்டுக் காட்டுவேன்.