டைல்ஸ் தரையில் மீன் தொட்டி ஸ்டாண்டை மட்டம் பார்த்த அனுபவங்கள்

சென்னை, கொளத்தூர்

சொந்தமாக ஸ்டாண்ட் செய்து டைல்ஸ் தரையில் தொட்டி வைக்கப் போகிற யாரும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிட வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் இழந்தது ஒரு தொட்டியும் 11 மீன்களும்.

எங்கள் வீடு கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. பல மாதம் வேடிக்கை பார்த்துவிட்டு, 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி ஒட்டச் சொல்லி வாங்கினேன். ஸ்டாண்டை நானே செய்வது என்று முடிவு. ஒன்றேகால் இஞ்ச் ஸ்கொயர் பைப்பை அளவு போட்டு அறுத்து, தெரு முனைப் பட்டறையில் வெல்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

ஹாலில் வைத்துப் பார்த்தால் பின்பக்க வலது கால் தரையில் படவில்லை. இரண்டு நாணயத்தை அடுக்கினால் நுழையும் அளவு இடைவெளி. வீட்டில் மேசை ஆடினால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். அட்டைப் பெட்டியைக் கிழித்து, மடித்து, காலுக்கு அடியில் சொருகினேன். ஆட்டம் நின்றது. தெர்மோகோல் போட்டு, தொட்டியைத் தூக்கி வைத்து, மணல் போட்டு, தண்ணீர் நிரப்பினேன்.

மூன்றாம் நாள் பார்த்தபோது, வீடு துடைக்கும் தண்ணீரில் ஊறிய அட்டை அப்பளம்போலத் தட்டையாகிக் கிடந்தது. ஆனால் ஸ்டாண்ட் ஆடவில்லை. கையால் அழுத்திப் பார்த்தேன், துளிகூட அசையவில்லை. பாரம் ஏறியதும் தானாக உட்கார்ந்துகொண்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த நிம்மதிதான் தப்பு.

அந்தப் பாரம் எவ்வளவு என்று அப்போது நான் கணக்குப் போடவில்லை. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். என் தொட்டி 6.75 கன அடி, அதாவது 191 லிட்டர். மேலே இரண்டு இஞ்ச் விட்டு நிரப்பினால் 170 லிட்டர், அதே 170 கிலோ. 8 மி.மீ. கண்ணாடி 33 கிலோ. மணல் 20 கிலோ, ஸ்டாண்ட் ஒரு 25 கிலோ. கிட்டத்தட்ட 250 கிலோ. நான்கு காலும் சமமாகப் பட்டால் ஒவ்வொன்றுக்கும் 62 கிலோ. ஒரு கால் அந்தரத்தில் நின்றால் மற்ற மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்றுதான் நினைப்போம். அப்படி நடக்காது. குறுக்காக எதிரெதிரே நிற்கும் இரண்டு கால்களே ஏறக்குறைய முழுப் பாரத்தையும் வாங்கும். அப்போது இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு, அந்தரத்தில் இருந்த கால் தரையைத் தொடும் வரை கீழே வரும். ஆட்டம் நின்றதற்குக் காரணம் அதுதான். மண் தரையாக இருந்தால் தரை கொஞ்சம் அமுங்கிக் கொடுத்திருக்கும். டைல்ஸ் அமுங்காது. தரை வளையாததால் இரும்பு வளைந்தது. இரும்பு வளைந்ததும் மேலே இருந்த கண்ணாடியும் அதோடு வளைய வேண்டியதாயிற்று. கண்ணாடியால் எவ்வளவுதான் வளைய முடியும்?

ஒன்பதாம் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு 'டிக்' என்று ஒரு சத்தம். அடிக்கண்ணாடியில் மூலையிலிருந்து குறுக்காக ஒரு கீறல். நான் விளக்கைப் போட்டு, வாளியைத் தேடி எடுத்து வருவதற்குள் பாதித் தண்ணீர் ஹாலில். என் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, தரையில் துடித்த மீன்களைக் கையால் அள்ளி அள்ளி வாளியில் போட்டாள். அவள் அள்ளிப் போட்டவற்றில் நான்கு மட்டுமே பிழைத்தன.

அடுத்த வாரம் என் மாமனார் வந்தார். கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். நான் ரசமட்டம் வாங்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அதை அப்புறம் பார்க்கலாம் மாப்பிள்ளை, முதல்ல தரையை அளப்போம்" என்றார். 15 அடி டிரான்ஸ்பரன்ட் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு குமிழிகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினார். நான்கு கால் வரும் இடங்களையும் அந்த டியூப் மட்டத்தை வைத்தே அளந்தோம். முன்பக்க இடதுதான் உயரமான இடம், அதை 0 என்று வைத்துக்கொண்டோம். முன்பக்க வலது 3 மி.மீ. பள்ளம். பின்பக்க இடது 5 மி.மீ. பின்பக்க வலது 11 மி.மீ.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூணும் அஞ்சும் எட்டு. தரை சீரா சரிஞ்சிருந்தா இந்த மூலை எட்டுலதான் நிக்கணும். அது வாட்டம். வீடு கழுவினா தண்ணி பால்கனிப் பக்கம் போகட்டும்னு கொடுக்கிறது, அதுல தப்பில்லை. பதினொண்ணு இருக்குதே, மிச்சம் மூணு, அதுதான் கோணல். வாட்டம் உங்க தொட்டியை உடைக்காது, கோணல்தான் உடைக்கும்."

பிறகு யோசித்துப் பார்த்தால் அது எவ்வளவு சரி. கண்ணாடியில் தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 40 செ.மீ. ஆழத் தண்ணீரில் ஒரு பக்கம் அரை செ.மீ. கூடினால் அழுத்தம் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான் கூடும். பார்க்க அசிங்கமாக இருக்கும், அதனால் சரி செய்கிறோம். கோணல் அப்படியல்ல. அது கண்ணாடியை ஈரத்துணிபோலப் பிழிகிறது.

ஸ்டாண்டின் மேல் சட்டத்தையும் அவர் விடவில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூலை இழுத்துக் கட்டச் சொன்னார். நடுவில் இரண்டும் லேசாகத் தொட்டுக்கொண்டால் சட்டம் சமம். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டாலும் கோணல், ஒன்றை ஒன்று அழுத்தினாலும் கோணல். எனக்கு 1 மி.மீ. இடைவெளி. வெல்டு சூட்டில் பைப் இழுத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி பட்டறைக்கு எடுத்துப் போய், ஒரு மூலையை அறுத்து, கிரானைட் பலகைமேல் கவிழ்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு வெல்டு வைத்தோம். நான்கு காலுக்கும் அடியில் நட்டை வெல்டு வைத்து 12 மி.மீ. போல்ட் மாட்டினோம். அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ. ஏறும், கால் சுற்றுக்கு அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு நுணுக்கமாக எந்த ஆப்பும் கொடுக்காது.

ரசமட்டம் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒரு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு தடவையும் அறையின் ஒரே பக்கம் (ரசமட்டத்தின் ஒரே முனைப் பக்கம் அல்ல) ஒரே அளவு நின்றால்தான் அந்த ரசமட்டத்தை நம்பலாம். நான் முதலில் வாங்கியது இதில் தேறவில்லை.

காரைக்குடி

அண்ணா, மகள் மீனை அள்ளிப் போட்டாள் என்று படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் தரை. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி வார்ப்பதால் ஒவ்வொரு கல்லும் வழவழவென்று இருக்கும். ஆனால் தாத்தா காலத்துத் தரை என்பதால் மொத்தத்தில் அலை அலையாக இருக்கிறது. போல்ட்டின் முனை அந்தக் கல்லைக் குத்திவிடும் என்று பயம். பழைய தேக்குச் சட்டங்களில் ஸ்டாண்ட் செய்து தந்த ஆசாரி சொன்ன வழியைச் செய்தேன்.

கால் வரும் இடத்தில் தரைமேல் பாலிதீன் விரித்து, சற்றுக் கெட்டியாகச் சிமெண்ட் கலவை வைத்து, அதன்மேல் இன்னொரு பாலிதீன். ஸ்டாண்டை அதில் இறக்கி, பக்கத்தில் தற்காலிகமாக மர ஆப்பு கொடுத்து மட்டம் பிடித்தோம். கலவை காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த பள்ளம் மேட்டை எல்லாம் அப்படியே வாங்கிக்கொண்டது. ஏழு நாள் ஈரத்துணி போட்டு வைத்துவிட்டு ஆப்பை உருவினோம். ஆப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். மரம் தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், மட்டம் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டிருக்கும். பாலிதீன் இருப்பதால் நாளைக்கு எடுத்தாலும் தரையில் கறை இருக்காது. தொட்டி வைத்து இரண்டு வருடம் ஆகப் போகிறது.

மதுரை

சகோ, என் வீட்டில் உடைந்தது தொட்டியல்ல, டைல்ஸ்.

ரசமட்டம், நூல் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன். நிரப்பிய இரண்டாம் நாளே ஒரு காலுக்கு அடியில் டைல்ஸ் மூலை உடைந்து, கால் 2 மி.மீ. இறங்கிவிட்டது. பயந்துபோய் உடனே முக்கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டேன், அதனால் தொட்டி தப்பித்தது.

பிறகு டைல்ஸ் ஒட்டும் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துச் சொன்னார். டைல்ஸுக்கு அடியில் கலவையை முழுவதும் பரப்பாமல் நடுவில் மட்டும் உருண்டையாக வைத்து ஒட்டினால், நான்கு மூலையும் உள்ளே பொள்ளலாக நிற்கும். என் ஸ்டாண்ட் கால் சரியாக ஒரு மூலையில். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் 'டிக் டிக்', பொள்ளல் இடத்தில் 'டொக் டொக்'. சின்னக் குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். ஹால் முழுக்கத் தட்டி, ஸ்டாண்டை ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 4 இஞ்ச் சதுர எவர்சில்வர் தகடு. இரும்புத் தகடு வைத்தால் வீடு துடைக்கிற தண்ணீரில் துருப்பிடித்துத் தரையில் காவி இறங்கும், அது போகவே போகாது.

மட்டம் பார்ப்பதற்கு முன்னால் தட்டிப் பாருங்கள், தயவுசெய்து.

திருப்பூர்

4 அடித் தொட்டி, ஆறு கால் ஸ்டாண்ட், எல்லாக் காலிலும் போல்ட். சுருக்கமாகச் சொல்கிறேன். நடுக் கால்கள் இரண்டையும் கடைசியில் தொடுங்கள். நான் முதலிலேயே நடுவை இறுக்கிவிட்டேன். ஸ்டாண்ட் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டு, இரண்டு ஓரமும் தொங்கிவிட்டது. நான்கு மூலையையும் சரி செய்துவிட்டு, நடுப் போல்ட்டைத் தரையில் பட்டும் படாமலும் இறக்கி, ஒரு காகிதத் துண்டு இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வரும் அளவில் நிறுத்த வேண்டும்.

போல்ட் இல்லாதவர்களுக்கு: கதவுக்கு ஒட்டுகிற மைக்கா துண்டு எந்த ஆசாரியிடமும் சும்மா கிடைக்கும். ஒன்று சுமார் 1 மி.மீ. கனம், அமுங்காது. ரப்பர் வேண்டாம், ஒவ்வொரு காலிலும் ஒவ்வொரு மாதிரி அமுங்குகிறது.

அண்ணா, ஒரு சந்தேகம். தெர்மோகோல் போட்டால் கோணலை அது வாங்கிக்கொள்ளாதா? பழையபடி தொட்டி வைத்துவிட்டீர்களா?

சென்னை, கொளத்தூர்

வைத்துவிட்டேன் தம்பி. 14 மாதம் ஆகிறது.

தெர்மோகோல் ஒரு மணல் துகளை, வெல்டின் சின்ன மேட்டை வாங்கிக்கொள்ளும். 3 மி.மீ. கோணலை வாங்காது. என் முதல் தொட்டிக்கு அடியிலும் தெர்மோகோல் இருந்தது. இன்னொன்று, தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் எதையும் சொருகி மட்டம் செய்யாதீர்கள். முட்டுக் கொடுப்பதெல்லாம் ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில்தான். மேலே சொருகினால் கண்ணாடி அந்த ஒரு இடத்தில் மட்டும் தாங்கி நிற்கும்.

இந்தத் தடவை ஒரே நாளில் நிரப்பவில்லை. முதலில் அரை அடித் தண்ணீர், ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை நான்கு மூலையிலும் அளந்தேன். தண்ணீரைவிட நல்ல மட்டம் எது? மாமனார் தரைக்குச் சொன்ன கணக்கே இங்கேயும். எதிரெதிர் மூலைகளின் அளவைக் கூட்டினால் இரண்டு கூட்டலும் ஒன்றாக வர வேண்டும். கண்ணாடி அறுத்ததில் ஒரு மி.மீ. முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் தொட்டி முறுக்கிக்கொள்கிறது. எனக்கு 2 மி.மீ. வந்தது. மகளும் நானும் தண்ணீரை இறைத்துவிட்டு, பின்பக்க வலது போல்ட்டை ஒரு சுற்று இறக்கி, மறுபடி அரை அடி ஊற்றினோம். தொட்டி நிறைந்திருக்கும்போது போல்ட்டைத் திருகவே கூடாது. பிறகு ஒரு அடி, மறுபடி ஒரு ராத்திரி, மறுபடி அளவு. அதற்கப்புறம்தான் முழுசாக நிரப்பினேன்.

மாதம் ஒரு முறை இப்போதும் மகள் ஸ்கேலைப் பிடிக்க, நான் எழுதிக்கொள்கிறேன். நேற்று அளந்தது: முன்பக்க இடது 52, முன்பக்க வலது 53, பின்பக்க இடது 54, பின்பக்க வலது 55. எதிரெதிர் மூலைகளைக் கூட்டினால் ஒரு ஜோடி 107, இன்னொரு ஜோடியும் 107.